தெருவில் ஒரு பிள்ளைக்குக் கடும் நோய் என்றால்: முறை போட்டு உதவுவது எப்படி

என் தங்கை மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது ஒரு புரட்டாசி மாதம். அப்போது அவனுக்கு ஆறு வயது. குடமுருட்டிக் கரையில் இருக்கிற அவர்கள் ஊரில் செய்தி பரவ ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. முதல் பத்து நாள் வீடு கொள்ளாத கூட்டம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் பிஸ்கட்டும் வைக்க அலமாரியில் இடமில்லை. வந்தவர்கள் எல்லோரும் மனது பதறித்தான் வந்தார்கள். தை பிறந்தபோது அந்த வாசலில் வெளியாள் செருப்பு ஒன்றுகூட இல்லை. யாரும் மாறிவிடவில்லை. அறுப்பு வந்துவிட்டது, அவரவர் பாடு வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பையனுக்குச் சிகிச்சை இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் தண்ணீர் விட்டதும் தலைமடை வயல் தளும்பும். கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால்தான் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். நோயாளிப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போகிற உதவிக்கும் அதே முறைதான் வேண்டும். குழந்தைகளுக்கு வருகிற ரத்தப் புற்றுநோயில் அதிகம் காணப்படுகிற வகை குணமாகக்கூடியது. வசதியான நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் பிள்ளைகளை இழப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுவது. கைப்பணம் தீர்ந்து, வயல் தரிசாகி, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அலைந்து களைத்து, ‘இப்போ நல்லாத்தானே இருக்கான்’ என்று நின்றுவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் தெருவும் ஊரும் வேண்டும்.

நாங்கள் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டதை, இப்படி ஒரு நிலைமையை முதல்தடவையாகப் பார்க்கிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். எங்கள் அனுபவம் ரத்தப் புற்றுநோய். இதயக் கோளாறு, சிறுநீரக நோய், தலசீமியா என்று எதுவாக இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும். மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான் சரி.

முதலில், செய்திக்கு ஒரு ஆள்

கேள்விப்பட்டதும் கிளம்பிவிடாதீர்கள். அந்தக் குடும்பத்தில் தாய் தகப்பன் அல்லாத ஒருவரைச் செய்திக்குப் பொறுப்பாக வையுங்கள். சித்தப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டு டீச்சர், யாராகவும் இருக்கலாம். எங்கள் விஷயத்தில் தாய்மாமன் என்று நான் நின்றேன். ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, எப்போது டிஸ்சார்ஜ், பார்க்க வரலாமா, எல்லாக் கேள்வியும் அந்த ஒருவருக்கே போகட்டும். ஒரே நாளில் என் தங்கை முப்பது போனுக்கு ஒரே கதையைச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் அழுதிருக்கிறாள். அந்தப் போன் நின்றதே அவளுக்குப் பாதி ஓய்வு.

எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப் குழு தொடங்கினால் பிள்ளையின் படம், மருத்துவமனைச் சீட்டு, வங்கிக் கணக்கு எண் எதையும் பெற்றோரைக் கேட்காமல் போட வேண்டாம். மொட்டைத் தலையோடு மூக்கில் குழாய் வைத்த படம் ஒருதடவை வெளியே போனால் திரும்பி வராது. அந்தப் பிள்ளை நாளைக்கு வளர்ந்து பத்தாவது படிக்கும்போதும் அது யாரோ ஒருவர் போனில் இருக்கும்.

முறை நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு பக்கத்தில் யார் யார் என்னென்ன செய்ய முடியும் என்று எழுதுங்கள். ஒருவருக்கு பைக் இருக்கும், ஒருவருக்கு வேன். ஒருத்தி நன்றாகச் சமைப்பாள், இன்னொருவருக்குத் தாலுகா ஆபீஸில் என்ன கேட்பார்கள் என்று தெரியும். வயதான பெரியப்பாவுக்கு எதுவும் முடியாது என்று தோன்றும். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள அவரைவிட ஆள் கிடையாது. அடுத்த பக்கத்தில் கிழமை, பெயர், வேலை. ஒருவருக்கு வாரத்தில் ஒரு வேலைக்கு மேல் கொடுக்காதீர்கள். முதல் மாதம் எல்லோரும் தினமும் வரத் துடிப்பார்கள். அவர்களில் பாதிப் பேரை, ‘நீங்கள் மாசி மாதம் வாருங்கள்’ என்று தள்ளி எழுதுங்கள். சிலருக்கு மனவருத்தம் வரும், பரவாயில்லை. இந்த நோட்டிலேயே முக்கியமான வேலை அந்தத் தள்ளி எழுதுவதுதான்.

கேட்கும் விதமும் முக்கியம். “என்ன வேணும்னாலும் சொல்லுங்க” என்றால் எந்தத் தாயும் ஒன்றும் சொல்ல மாட்டாள். எங்கள் தெருவில் ஒரு அக்கா செய்ததைச் சொல்கிறேன். “நாளைக்கு விடியக்கால நானே மாட்டைக் கறந்து சொசைட்டில ஊத்திடுறேன் தங்கச்சி. நீ அஞ்சு மணி பஸ்ஸைப் பிடி” என்றார். மறுக்கவும் வழியில்லை, யோசிக்கவும் வேலையில்லை.

பார்க்கப் போகும்போது

கீமோ என்கிற புற்றுநோய் மருந்து ஓடும் காலத்தில் பிள்ளையின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். புற்றுநோய் நம்மேல் ஒட்டாது. நம் சளிதான் பிள்ளைக்கு ஒட்டும். இதைத் தெருவில் எல்லோருக்கும் ஒருதடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் சிலர் தங்கள் பிள்ளைகளை அந்த வீட்டுப் பக்கமே விடமாட்டார்கள். தொத்து நோய் என்று பயம்.

தும்மல், இருமல், வயிற்றுப்போக்கு, கண்வலி எது இருந்தாலும் போகாதீர்கள். போனில் பேசினால் போதும். போனால் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு, இரண்டு பேருக்கு மேல் உள்ளே நுழையாமல், பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். கன்னத்தைக் கிள்ளுவது, முத்தம் கொடுப்பது வேண்டாம்.

அம்மை விஷயம் தனி. நம் ஊரில் வீட்டில் அம்மை போட்டால் வேப்பிலை சொருகி, வெளியே அதிகம் சொல்லாமல் இருந்துவிடுவோம். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை பரவத் தொடங்கிவிடும். அதனால் நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இன்று உங்கள் பிள்ளைக்குக் கொப்புளம் வந்தால், அந்த நிமிடமே போன் செய்ய வேண்டும். சீக்கிரம் தெரிந்தால் பிள்ளைக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க மருத்துவர்களுக்கு வழி உண்டு. தட்டம்மைக்கும் இதேதான். ‘நம்மால்தான் வந்ததோ’ என்று கூச்சப்பட்டு மறைக்கக்கூடாது. சொல்கிறவருக்கு அந்தக் குடும்பம் நன்றிதான் சொல்லும்.

என்ன பேசுவது? பிள்ளையிடம் கிரிக்கெட், கோழிக்குஞ்சு, பக்கத்து வீட்டு நாய் போட்ட குட்டி என்று எதையும் பேசலாம். தலையைப் பார்த்து அழ வேண்டாம். தாயிடம், “எங்க ஒண்ணுவிட்ட மாமா ஒருத்தருக்கும் இதே மாதிரிதான்” என்று செத்துப்போனவர் கதையைத் தொடங்குவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். யார் பாவம், எந்த தோஷம், கர்ப்பமாக இருக்கும்போது கிரகணத்தில் வெளியே வந்தாளா என்ற விசாரணை அதைவிடக் கொடுமை. என் தங்கையிடம் ஒரு பெரியவர் அப்படிக் கேட்டுவிட்டுப் போனார். அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் வருகிறது என்று மருத்துவத்துக்கே தெரியாது. தாய் செய்த எதனாலும் வந்ததல்ல. இதைத் தாயிடம் நேராகச் சொல்லுங்கள். பலதடவை சொல்ல வேண்டியிருக்கும்.

சாப்பாடு

அப்போதே சமைத்தது, நன்றாக வெந்தது, சூடாக இருப்பது: பிள்ளைக்கு இந்த மூன்றும் இருந்தால் போதும். நமக்கு உயிரான பழைய சோறு அணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளைக்கு வேண்டாம். வெட்டி வைத்த பழம், பச்சை வெங்காயம் போட்ட தயிர்ப் பச்சடி, கடைச் சட்னி, சைக்கிளில் வருகிற ஐஸ் எதுவும் வேண்டாம். தோல் உரிக்கும் பழத்தைக் கழுவி, வீட்டிலேயே உரித்துக் கொடுக்கலாம். மருத்துவமனையில் கொடுக்கும் உணவுப் பட்டியலை ஒரு நகல் எடுத்து, சமைக்கிற எல்லா வீட்டு அடுப்படியிலும் ஒட்டிவிடுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் வாரங்களில் பிள்ளைக்குப் பேய்ப்பசி எடுக்கும். இரவு இரண்டு மணிக்குத் தோசை கேட்பான், கொடுக்கத் தாமதமானால் தட்டை எறிவான். கோபமும் அழுகையும் மருந்தின் வேலை. எங்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தால் அவனைத் திட்டியிருக்க மாட்டோம். அந்த வாரங்களில் அரைத்த மாவு, உப்பு குறைத்த சாம்பார், வேகவைத்த பயறு என்று முறைக்காரர்கள் சாயங்காலமே கொண்டுவந்து வைத்தால் தாய் நடுராத்திரியில் அரைக்க உட்கார வேண்டாம்.

ஆனால் உண்மையில் சாப்பாடு அதிகம் தேவைப்படுவது பிள்ளைக்கு அல்ல. மருத்துவமனையில் துணைக்கு இருக்கிறவர்களுக்கும், ஊரில் இருக்கும் பாட்டிக்கும், பள்ளிக்கூடம் போகும் அக்காவுக்கும்தான். திருப்பித்தர வேண்டாத பாத்திரத்தில் கொடுங்கள். யார் தூக்கு, யார் டிபன்பாக்ஸ் என்று தேடிக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுப்பதும் ஒரு வேலைதான்.

ரத்தம்

இங்கே சொந்தக்காரர்களைவிட அக்கம்பக்கத்தார்தான் அதிகம் பயன்படுவார்கள். தாய், தகப்பன், உடன்பிறந்தவர் போன்ற நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தை நேரடியாக ஏற்றுவது இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்தாகலாம். அந்த ரத்தத்தைக் கதிர்வீச்சில் காட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்றம் தேவைப்படலாம் என்றால் அவர்கள் ரத்தத்தைத் தவிர்க்கவே சொல்வார்கள். தகப்பன் கையை நீட்டிக்கொண்டு நிற்பார், வேண்டாம் என்று சொல்லும்போது உடைந்துபோவார். அந்த நேரத்தில் தெருப் பையன்கள் நாலு பேர் வந்து நின்றால் அது எவ்வளவு பெரிய பலம் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். ஒருதடவை கொடுத்தால் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். கீமோ எடுக்கும் பிள்ளைக்கு அடிக்கடி தேவைப்படுவது பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள். அதை அதிக நாள் சேமித்து வைக்கவும் முடியாது, ஐந்து நாள்தான் தாங்கும். இயந்திரத்தில் பிளேட்லெட்டை மட்டும் பிரித்து எடுக்கும் முறைக்கு ஒன்றரை மணி நேரம்போல ஆகும். அதற்கு எடை இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும், கொடுக்கிறவரின் பிளேட்லெட் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முந்தைய மூன்று நாள் ஆஸ்பிரின் மாத்திரை போட்டிருக்கக்கூடாது.

அதனால் எல்லோரும் முதல் வாரமே வேன் பிடித்துப் போய்க் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான். பதினாறு பேர் ஒரே நாளில் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த மாதம் அவசரமாகக் கேட்டபோது அத்தனை பேருக்கும் 90 நாள் ஆகவில்லை. நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர், ரத்த வகை, போன், கடைசியாகக் கொடுத்த தேதி என்று எழுதுங்கள். இரண்டு பேர் எப்போதும் தயாராக இருக்கும்படி முறை பிரியுங்கள். வகை பொருந்தாதவர்களும் உண்டு. அவர்கள் ரத்த வங்கிக்கு ஈடாகக் கொடுக்கலாம், அதற்கு எந்த வகையும் ஆகும். காசுக்கு ரத்தம் கொடுப்பது நம் நாட்டில் 1998 முதல் தடை. மருத்துவமனை வாசலில் யாராவது ஏற்பாடு செய்கிறேன் என்று வந்தால் விலகிவிடுங்கள்.

காய்ச்சல் என்றால் வண்டி

இதை மட்டும் கெட்டியாக மனதில் வையுங்கள். கீமோ எடுக்கும் பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் தொட்டால் அது அவசரம். பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. மருத்துவமனை போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இரவு பதினொரு மணிக்கு மேல் நம் ஊர்களில் பஸ் ஏது? ஆகவே தெருவில் கார், வேன், ஆட்டோ வைத்திருக்கிறவர்களுக்கு இரவு முறை போடுங்கள். இன்று யார் முறையோ அவர் வண்டியில் டீசல் இருக்க வேண்டும், போன் ஒலி எழுப்பும் நிலையில் இருக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் 108.

சிகிச்சை சென்னையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ நடந்தாலும், இரவில் காய்ச்சல் வந்தால் முதலில் பக்கத்தில் எங்கே போவது என்று அந்த மருத்துவரிடமே முன்கூட்டிக் கேட்டு, சிகிச்சை விவரக் கடிதம் ஒன்று வாங்கி வைக்க வேண்டும். அதன் நகல் தகப்பன் சட்டைப்பையிலும், வண்டிக்காரரிடமும், செய்திக்குப் பொறுப்பான ஆளிடமும் இருக்கட்டும்.

காகிதமும் பணமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். பிள்ளையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் கடைசிப் பிள்ளை பெயர் ஏறியிருக்காது, அங்கேதான் எல்லாம் முட்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993. இந்த அலைச்சலை வெளியாள் ஒருவர் ஏற்றுக்கொண்டால் தகப்பனுக்கு நாலு நாள் மிச்சம். எல்லாவற்றையும் பத்து நகல் எடுத்து ஒரே பையில் வையுங்கள்.

பிறவி இதயக் கோளாறு, காது கேளாமை, அன்னப்பிளவு போன்றவை என்றால் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வருகிற நடமாடும் மருத்துவக் குழுவிடமே சொல்லலாம். 18 வயது வரையுள்ள பிள்ளைகளை மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்பி, மேல்சிகிச்சைக்கு வழி செய்வது அவர்கள் வேலை.

ரயில் சலுகை பலருக்குத் தெரியாது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்கி முன்பதிவுக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். உழவன், மன்னை போன்ற இரவு ரயில்களில் போனால் காலையில் சென்னை. விடுதி வாடகையில் ஒரு இரவு மிச்சம்.

பணம் திரட்டுவதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைக்கிற வழக்கம் நமக்கெல்லாம் தெரியும். நல்ல ஏற்பாடுதான், எத்தனையோ குடும்பம் அதில் நிமிர்ந்திருக்கிறது. ஆனால் மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். நோயாளிப் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுத்த பத்து வருடத்துக்கு யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற நிலைக்குக் குடும்பத்தைத் தள்ளாதீர்கள். கொடுப்பது கொடுத்ததாகவே இருக்கட்டும். பெயர் எழுதாத உறையில் போட்டு, இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி, பெற்றோர் பெயரில் உள்ள கணக்கில் மொத்தமாகக் கட்டிவிடுங்கள். மொத்தத் தொகை மட்டும் நோட்டில் ஏறட்டும்.

கையில் கொடுக்கும் பணத்தைவிட, நிற்காமல் ஓடும் செலவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வது மேல். மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை, கேஸ் சிலிண்டர், நகைக்கடன் வட்டி போன்றவை. நகையை மீட்கவோ வட்டி கட்டவோ வேண்டிய தேதியை மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் எப்படி நினைவு வைத்திருப்பார்? ஏலத்துக்குப் போன பிறகு அழுது பயனில்லை.

வயல்

மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. நமக்கு இதுதான் பாதி. குறுவை அறுப்புக்கும் சம்பா நடவுக்கும் இடையில் தகப்பன் இரண்டு மாதம் சென்னையில் இருந்தால் அந்த வருடம் அந்த வீட்டில் நெல் இல்லை. நெல் இல்லையென்றால் அடுத்த கட்டச் சிகிச்சை இல்லை.

என் மச்சானுக்கு இரண்டு ஏக்கர். ஐப்பசி மழைக்கு முன் நாற்றுப் பறித்து நட வேண்டியிருந்தது. பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேர் தங்கள் நடவு முடிந்த மறுநாள் அதே ஆட்களை வைத்து அவர் வயலையும் நட்டுவிட்டார்கள். அவரிடம் போனில் கேட்டது ஒன்றே ஒன்று. “ஆடுதுறை ரகமா, வேற ஏதாவதா மச்சான்?” மடை திறப்பது, களை எடுப்பது, உரம் எல்லாம் நோட்டில் முறையாக எழுதினார்கள். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கலும் சிட்டாவும் எடுத்து, கடைசித் தேதிக்கு முன் ஒருவர் கட்டிவிட்டார். அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே காவல் காக்க ஆள் வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், மறுபடி காயவைக்க வேண்டும். நான்கு இரவு நான்கு பேர் மூட்டையோடு படுத்தார்கள்.

நிலமில்லாத கூலிக் குடும்பம் என்றால் இழப்பு தினக்கூலி. அங்கே அரிசி, மளிகை, பெண்களுக்கு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே செய்யக்கூடிய கைவேலை ஏதாவது, இப்படி யோசியுங்கள். ஆடு மாடுகளை விற்றுவிடாமல் யாராவது வாங்கி வளர்த்துக் கொடுத்தாலே பெரிய உதவி.

வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளை

எல்லோரும் மறந்துபோவது இவளைத்தான். என் தங்கை மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பெரியம்மா வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போனாள். ஒருநாள் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும்போது கேட்டாள்: “மாமா, எனக்கும் காய்ச்சல் வந்தா அம்மா என் பக்கத்துலயும் இருப்பாங்களா?” சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு நோட்டில் அவளுக்கென்று தனிப் பக்கம் போட்டோம். தலை பின்னிவிட ஒருவர், வீட்டுப்பாடம் பார்க்க ஒருவர், பள்ளி ஆண்டுவிழாவுக்கு அம்மா இடத்தில் உட்கார ஒருவர். ராத்திரி எட்டு மணிக்கு வீடியோவில் அம்மாவோடு பத்து நிமிடம், அதில் தம்பியைப் பற்றிப் பேசக்கூடாது, அவளைப் பற்றி மட்டும். பார்க்கப் போகிறவர்கள் தம்பிக்குப் பொம்மை வாங்கினால் அவளுக்கும் ஏதாவது வாங்கிப் போங்கள். என்ன நோய் என்பதையும் அவள் வயதுக்கு ஏற்ற மாதிரி சொல்லிவிட வேண்டும். தான் கோபத்தில் தம்பியைத் தள்ளிவிட்டதால்தான் இது வந்தது என்று அவள் மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பள்ளிக்கூடம்

பெயரை எடுக்காமல் வைத்திருக்கத் தலைமை ஆசிரியரிடம் ஒருதடவை பேசிவிடுங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை வந்தால் டீச்சர் உடனே போன் செய்ய வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள். திரும்பி வரும் நாளுக்கு முன் டீச்சர் மற்ற பிள்ளைகளிடம் பேச வேண்டும்: தலைமுடி ஏன் இல்லை, ஏன் மாஸ்க், இது ஒட்டாது. மருமகன் முதல்நாள் தொப்பியோடு போனான். மத்தியானத்துக்குள் தொப்பி வேறு ஒருவன் தலையில் இருந்தது.

வேண்டுதல்

வைத்தீஸ்வரன் கோயில், வேளாங்கண்ணி, நாகூர். நம் பக்கத்தில் பிள்ளைக்கு நோவு என்றால் மதம் பார்க்காமல் மூன்றுக்கும் நேர்ந்துகொள்வோம். அது நம்மை நிமிர்த்துகிற பலம், அதை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் கூட்டத்துக்குள் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம். நீங்கள் போய் அவன் பெயரில் அர்ச்சனை செய்யுங்கள், மெழுகுவத்தி ஏற்றுங்கள், பாத்தியா ஓதுங்கள். விபூதியை நெற்றியில் வைப்பதில் தவறில்லை. தீர்த்தம், காய்ச்சாத அபிஷேகப் பால், கோயில் மருந்து எதையும் மருத்துவரைக் கேட்காமல் வாயில் போட வேண்டாம். நாட்டு மருந்தும் அப்படியே. சில மூலிகைகள் கீமோ மருந்தோடு சேர்ந்து ஈரலைக் கெடுத்துவிடும். கேட்காமல் நீங்களாகப் பெரிய வேண்டுதல் நேர்ந்துகொண்டு, பிறகு அந்தச் செலவைக் குடும்பத்தின் தலையில் வைப்பதும் வேண்டாம்.

இரண்டாவது வருடம்

முடி முளைத்துவிடும், பள்ளிக்கூடம் போவான், தெருவில் ஓடுவான். ஊர் முடிந்துவிட்டது என்று நினைக்கும். ஆனால் அப்போதும் தினமும் இரவு மாத்திரை, வாரத்துக்கு ஒருதடவை வேறு மாத்திரை, குறித்த தேதியில் மருத்துவமனைப் பயணம் எல்லாம் இருக்கும். ஒருதடவை விட்டாலும் பிசகு. முன்பு தள்ளி எழுதினீர்களே, அந்த ஆட்களை இப்போது கூப்பிடுங்கள். பயணத் தேதிக்கு மூன்று நாள் முன் போன் செய்து டிக்கெட் போட்டாயிற்றா, கையில் காசு இருக்கிறதா, மாடு யார் பொறுப்பு என்று கேட்க ஒரு ஆள். இந்தக் கட்டத்தில் வேறு பெரிய வேலை கிடையாது.

சில வீடுகளில் பிள்ளை பிழைப்பதில்லை. எங்களோடு வார்டில் பழகிய ஒரு கடலோரக் குடும்பத்தின் பெண் பிள்ளை போய்விட்டாள். மருந்து இனிக் கேட்காது என்று மருத்துவர்கள் சொன்னபின் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். ‘வேறு ஆஸ்பத்திரி பாருங்கள்’ என்று அந்த நேரத்தில் ஆளாளுக்கு விரட்டக்கூடாது. வீட்டுக்குக் கூட்டி வந்தால் முறை நோட்டு அப்போதும் வேண்டும்: இரவில் விழித்திருக்க, வாசலில் வருகிறவர்களை அனுப்பிவைக்க.

பதினாறாம் நாள் முடிந்ததும் ஊர் கலைந்துவிடும். அதன்பிறகு ஒரு மாதம் கழித்து, மூன்று மாதம் கழித்து, போய்ச் சும்மா உட்காருங்கள். ‘இன்னொன்று பெத்துக்கலாம்’ என்று சொல்லாதீர்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அந்தக் கடலோரக் குடும்பத்துத் தாய் என் தங்கையிடம், “எல்லாரும் எம் பொண்ணு பேரச் சொல்றதையே விட்டுட்டாங்க அக்கா” என்று சொல்லி அழுதாள். அந்தப் பிள்ளையின் பிறந்தநாள் மார்கழியில் வரும். எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தேதியைத் தங்கை எழுதி வைத்திருக்கிறாள். வருடா வருடம் அன்றைக்குக் காலையில் போன் செய்கிறாள். அந்தப் பெண் வார்டில் ஊசி போட வருகிற நர்ஸ்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்தது, இட்லியைச் சர்க்கரையில் தொட்டுத் தின்றது என்று அரைமணி நேரம் இருவரும் பேசுகிறார்கள்.